கீழ்வீட்டு அன்ரியின் நீலக் கிண்ணம்

இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் அம்மா கடைசிவரை காத்த ஒழுங்கு. ஒரு பிடி அரிசியாவது, கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார். தந்த வீட்டில் குறை வந்துவிடக்கூடாதாம். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்து வருகிறேன். சீனி மட்டும் போடுவதில்லை.

எண்பதுகளில் நாங்கள் திருகோணமலையிலிருந்து அகதிகளாக மொன்றியலுக்கு வந்து, செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் மேல்தட்டில் குடியிருந்தோம். கீழ்த்தட்டில் ஹைட்டி நாட்டு அன்ரி ஒருவர் தனியாக இருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அன்ரிக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொல்வேன்.

அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. பயணிகள் தொடாமல் திரும்பி வந்த சீனிப் பைக்கற்றுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். நானும் அம்மாவும் அவற்றைக் கிழித்துக் கிழித்துப் போத்தலில் கொட்டுவோம். தேத்தண்ணிக்கு அது போதும். ஆனால் ஊர் உலகமெல்லாம் ஆகாயத்தில் சுற்றி வந்த சீனியைச் சுவாமிக்கு வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்களுக்குச் சர்க்கரை என்றால் மண்ணிறக் கட்டிதான். அது அந்த நாளில் இங்கே எங்கும் கிடைக்காது. முதல் வருஷம் இனிப்பில்லாத பால்பொங்கலைத்தான் படைத்தோம். அன்று முழுக்க அம்மாவின் முகம் சரியில்லை.

அடுத்த வருஷம் பனி கொட்டிய ஒரு நாள், அன்ரி எங்களைக் கூப்பிட்டுக் கோப்பி தந்தார். மேசையில் காய்ந்த ஓலை சுற்றிய உருளை ஒன்று கிடந்தது. அதிலிருந்து வெட்டிய துண்டை அம்மா மூக்கருகே கொண்டுபோனார்.

"இது எங்கட சர்க்கரையெல்லோ பிள்ளை. எங்கால வந்ததெண்டு கேள்."

அன்ரியின் தம்பிக்கு ஊரில் கரும்புத் தோட்டம். வெட்டும் கரும்பில் பெரும் பகுதி மாட்டுவண்டியில் சீனி ஆலைக்குப் போகும். மிஞ்சியதைப் பிழிந்து காய்ச்சிக் கட்டியாக்கி, பயணம் வருபவர்களின் கையில் தமக்கைக்கு அனுப்புவாராம். அன்ரி தன் நீலக் கிண்ணம் நிறைய அள்ளித் தந்தார். அந்தப் பொங்கலுக்கு எங்கள் பிள்ளையார் முன்னால் உண்மையான சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கிண்ணத்தில் பொங்கல் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். அன்ரி அதை விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு வந்த வருஷங்களில் கிண்ணம் குறைந்துகொண்டே போனது. அவர்களுடைய நாட்டில் வெளிநாட்டுச் சீனி மலிந்துவிட்டதாம். கொஞ்சம் கப்பலில் வந்ததாம், கொஞ்சம் களவாக எல்லை கடந்து வந்ததாம். ஆலையின் சீனியை வாங்க ஆளில்லை. கடைசியில் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு காலத்தில் பிற நாடுகளுக்குச் சீனி அனுப்பிய நாடாம் அது. இதைக் கேட்ட அப்பா, "திருகோணமலைக்குக் கப்பலில உப்புத்தண்ணி வாற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். நான் சொன்னதும் அன்ரியும் கொஞ்சம் சிரித்தார்.

தம்பியின் கரும்பு வெட்டுவாரின்றி வயலிலேயே காய்ந்தது. வண்டிமாடுகளை விற்றுவிட்டார். எல்லைக்கு அப்பால் பக்கத்து நாட்டில் பிறத்தியாருடைய கரும்பை வெட்டக் கூலியாகப் போகப்போகிறேன் என்று நின்றார். அப்படிப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை, போகாதே என்று அன்ரி தொலைபேசியில் மன்றாடினார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அவருக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினார். பெயர் வாயில் நுழையாததால் "கீழ்வீட்டாற்ற தம்பி" என்று சொல்லித்தான் வேண்டுவார். பிள்ளையாருக்கு விளங்கும்தானே.

அந்த முறை பொங்கலுக்கு முதல்நாள் அன்ரி தானே மேலே வந்தார். கிண்ணத்தின் அடியில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. இதுதான் கடைசி என்றார். அம்மா அதைப் பொடியாக்கிப் போட்டும் பொங்கலில் நிறம் ஏறவில்லை. வந்தவர்களுக்குக் கொடுத்தபின் பானையில் ஒன்றும் மிஞ்சவுமில்லை. கிண்ணத்தைக் கழுவித் துடைத்த அம்மா, போத்தலிலிருந்த வெள்ளைச் சீனியைக் கோபுரமாகக் குவித்தார். தந்த கைக்கு நிறையக் கொடுக்கவேண்டும் என்றார்.

கீழே கதவைத் திறந்த அன்ரியின் கண்கள் சிவந்திருந்தன. கிண்ணத்தையே பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். நான் அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன்.

"தங்கட ஊர்ச் சந்தையெல்லாம் இப்ப இந்தச் சீனிதானாம். தம்பி எல்லை தாண்டிப் போயிட்டாராம்."

அம்மா கை கூப்பினார். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார்.

"பிள்ளையார் துணை நிப்பார் எண்டு சொல்லு. சீனி மலிவாக் கிடைக்கிறதும் நல்லதுதானே. ஏழைச் சனம் இனிப்பா ஒரு வாய் குடிக்குமெண்டு சொல்லு."

சொன்னேன். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"ஓம் மகள், மலிவுதான்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு மணி சிந்தாமல் உள்ளே கொண்டுபோனார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தம்பியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. நீலக் கிண்ணமும் மேலே வரவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் அம்மா நிறுத்தவில்லை.

அன்று படியேறும்போது, பிள்ளை இப்போது நல்லாகப் பிரெஞ்சு கதைக்கிறாய் என்று அம்மா என் தலையைத் தடவினார். ஒரு சொல்லும் தடக்காமல் சொல்லி முடித்த பெருமையில், இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன்.