மிச்சமிருந்த ஒரு தடவை

படம் ஓடாததற்குக் கணினி சொன்ன காரணத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த டிவிடி உங்கள் பகுதிக்கு உரியதல்ல என்றது. தூத்துக்குடிக் கடையில் என் அம்மா வாங்கிய தமிழ்ப் படத்தை, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னது.

கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் பார்க்கப் போன படம் அது. அப்பா வேலை பார்த்த கப்பல் அன்று சாயங்காலமே கிளம்புகிறது என்று ஏஜெண்டின் ஆள் இடைவேளையில் தியேட்டருக்கே வந்து அப்பாவைக் கூட்டிப்போய்விட்டான். மிச்சப் படத்தை அவரோடுதான் பார்ப்பேன் என்று அம்மா இருந்துவிட்டாள். டிவியில் எத்தனையோ முறை போட்டார்கள். பாதிப் படம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பாவின் லீவெல்லாம் ஞானஸ்நானம், கல்யாணம், வெள்ளையடிப்பு என்று கரைந்தது. அந்தத் தடவை டிவிடியையே வாங்கி வைத்துவிட்டாள். அப்பா கப்பலேற மூன்று நாள் இருந்தது.

வீட்டிலிருந்தது அப்பாவின் லேப்டாப் ஒன்றுதான். டிவிடியைத் துடைத்துப் போட்டேன். பிளேயர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். திரை கறுப்பாகவே இருந்தது. செட்டிங்ஸைத் துருவியபோதுதான் விஷயம் தெரிந்தது. படக் கம்பெனிக்காரர்கள் உலகத்தைக் கூறுபோட்டு, கூறுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். டிவிடிக்கு உள்ள எண்ணே லேப்டாப்பிலும் இருக்க வேண்டும். அதை ஐந்து தடவைதான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். யாரைக் கேட்டு இப்படி வைத்தார்கள்? கப்பல்காரர் வீட்டில் ஐந்து தடவை எந்த மூலைக்கு? அப்பா துறைமுகத்துக்குத் துறைமுகம் டிவிடி வாங்கி, திரை கேட்டபோதெல்லாம் 'ஓகே' அழுத்தி, நான்கைத் தீர்த்திருந்தார். அதில் ஒருமுறைகூட எங்கள் ஊர் எண்ணை வைத்ததில்லை.

ஒன்று மிச்சமிருந்தது. அம்மா கோயிலில் பூசைக்குப் போயிருந்தாள். வந்ததும் அவள் கையாலேயே அழுத்த வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவிடம் விவரத்தைச் சொல்லி, தொட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பாவும் அவருடைய கப்பல் சிநேகிதரும் சண்டைப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிநேகிதர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவிடி. மிச்சம் பூஜ்யம்.

"அது வேற என்னத்தையோ கேக்குதுன்னு அமுத்திட்டேம்ளா" என்றார் அப்பா.

கப்பல் இஞ்சினையே கழற்றி மாட்டுகிற மனிதர் இவர். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அம்மாவோ என்னைத்தான் ஏசினாள். லீவில் வந்த மனுஷரை நிம்மதியாக இருக்க விடுவதில்லையாம் நான்.

அதற்குப் பிறகும் விடாமல் மல்லுக்கட்டி, அந்த எண்ணையே மதிக்காத ஓர் இலவச மென்பொருளைக் கண்டுபிடித்து இறக்கினேன். படம் ஓடியது, நிறமும் சத்தமும் சுத்தமாக. அப்பா அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்.

அம்மா ஆசையாக உட்கார்ந்து பார்த்தாள். வசனங்களை நடிகர்களுக்கு முன்பே சொன்னாள். 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் எழுந்துவிட்டாள்.

"நிப்பாட்டுளா. மிச்சத்த ஒங்கப்பா வந்த பெறவு பாப்போம்."

மூன்று நாள் பாடுபட்டு நான் ஓட வைத்தது, அவள் ஏற்கெனவே பார்த்திருந்த பாதியை.