நைனார் தோண்டிய கிழங்கு

பூவுக்கு ஆசைப்பட்டவர் யசோதர நைனார். மண்ணைத் தோண்டின பாவம் மட்டும் தன் தலையிலா என்று கொத்தனார் சவுரிராயன் வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தான்.

நைனார் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த சமணர். வீட்டில் வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. கிழங்கைப் பிடுங்கினால் அதோடு மண்ணிலிருக்கும் எத்தனையோ உயிர் போகும் என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்டவருக்குப் பித்துப் பிடித்ததோ கிழங்கில் முளைக்கிற ஒரு செடிமேல். செஞ்சிப் பக்கம் அவர் ஊர்க் குன்றில், பாறை இடுக்கில் வளரும் தரை ஆர்க்கிட். முதல் மழைக்கு இலையே இல்லாமல் பூ மட்டும் வரும். அது வாடின பிறகுதான் ஒரே ஒரு இலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் அந்தக் குன்றில் கல்லுடைக்க வெடி வைத்தார்கள். நைனார் சவுரியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஓடினார். சவுரி தோண்டினான். அவர் முதுகைக் காட்டி நின்று கிழங்குகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

மண்டிக்குப் பின்னால் சவுரி ஒரு செடிவீடு கட்டினான். சவுக்குக் கம்பு, மேலே பாலிதீன், அதன்மேல் கீற்று, சுற்றிலும் மல்லாட்டைச் சாக்கு. சாக்கை நனைத்துவிட்டால் உள்ளே குற்றாலம்தான். ஆனாலும் செடிகள் வருஷாவருஷம் இலை விட்டதோடு சரி. பூக்கவில்லை.

இலை காய்ந்துவிட்டால் அது தூங்குகிற காலம், தண்ணீர் கூடாது. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் வெயில் கொளுத்தியபோது நைனாருக்கு மனசு கேட்கவில்லை. வாயில்லாத உயிர் தாகத்தில் கிடக்கிறதே என்று, தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தினமும் ஊற்றினார். சித்திரையில் தொட்டிகளிலிருந்து அழுகல் நாற்றம் கிளம்பியது. உடனே தோண்டிப் பிரிக்காவிட்டால் நல்ல கிழங்கும் போய்விடும். குன்றில் இனி ஒன்றுகூட மிச்சமில்லை.

நைனார் சவுரியை வரவழைத்துக் கொத்துக்கரண்டியை நீட்டினார். சவுரி வாங்கவில்லை.

“தோண்ட நானு, பாக்க நீங்களா? இந்தத் தபா உங்க கையாலயே எடுங்க நைனாரே.”

நைனார் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்டி வெட்டிவிடும் என்று விரலாலேயே கிளறினார். மண்புழு வந்தால் நிறுத்தி, அதை ஓரமாக விட்டுவிட்டுத் தொடர்ந்தார். முதல் தொட்டி கூழ். அடுத்ததும் கூழ். அதற்கடுத்ததில் சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று விரலில் பட்டது.

“கெட்டியா இருக்குடா சவுரி.”

கறுவலை மறந்து சவுரி காய்ந்த மணல் அள்ளி வர ஓடினான். தேறின ஐந்தாறையும் அதில் புதைத்து, சொட்டுத் தண்ணீர் காட்டாமல் விட்டார்கள்.

ஆனியில் ஒரு மழை. மறுவாரம், சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்த சவுரியைக் கரண்டியும் கையுமாக மொபெட்டில் ஏற்றி வந்தார் நைனார். வழியெல்லாம் மொபெட்தான் கத்தியது. வெறும் மணலில் ஒரு காம்பு நின்றது. அதன் நுனியில் தலைகுனிந்த பூ, உள்ளே ரோஸ் கோடு. இருவரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். நைனாரின் மனைவி ஞானமதி வந்து, மண்டியில் லாரி நிற்கிறது, இங்கே இரண்டு எருமைகள் மண்ணில் புரள்கின்றனவே என்றாள். லாரி நிற்கட்டும் என்றார் நைனார்.

தையில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தது. நைனார் செடிவீட்டைப் பூட்டி, சாவியைச் சவுரியின் சட்டைப் பையில் போட்டார்.

“மழ வர்ற வரைக்கும் நீயே வச்சிக்கினு இரு. நான் அழுது கேட்டாலும் குடுத்துடாத.”