பாதி விதைத்த புஞ்சை

சாமித்துரைக்கு எதையும் தள்ளிப்போடாவிட்டால் தூக்கம் வராது. பெயர்ந்த ஓடு, பட்டா மாற்றம், பல்வலி, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "பொறவு பாப்போம்." ஞானஸ்நானம் வாங்கவே பதினோரு வருஷம் யோசித்தவர். இப்படி ஒரு மனுஷனோடு மாரடித்தாலும் சொர்ணத்தாய்க்குத் தன் புருஷன்மேல் கொள்ளைப் பிரியம். கோபப்படுவதைக்கூட நாளைக்குத் தள்ளிவைக்கிற ஆளை யார்தான் வெறுக்க முடியும்?

தொண்ணூற்று நாலு ஐப்பசி. பசுவந்தனைப் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி கதையைச் சொன்னார். இயேசு கூப்பிட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனவர்கள். "மீனை வித்துட்டு வாரோம்னு சொல்லலை பாருங்க" என்றார். சாமித்துரை அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நல்ல மழை. மழை வெறித்துக் கரிசல் பதத்துக்கு வந்தால் மூன்று நாள்தான் கெடு. அதற்குள் விதைத்து உழாவிட்டால் மண் இறுகி வெடித்துவிடும். இரண்டாம் நாள் சாமித்துரைக்குப் பாதிப் புஞ்சை முடிந்திருந்தது.

பக்கத்துப் புஞ்சை மாரிராஜுக்கும் அவர்களுக்கும் வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாரிராஜ் கையில் மாவுக்கட்டு. ஊரில் ஒரு ஜோடி மாடுகூடச் சும்மா இல்லை. அவன் பெண்டாட்டி பாலம்மாள் விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். கேட்க அவளுக்கு வாய் எழும்பவில்லை.

சாமித்துரை அவளைப் பார்த்தார். கலப்பையைத் தூக்கிக்கொண்டு மாடுகளை வரப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டினார்.

சொர்ணத்தாய் பின்னாலேயே ஓடினாள். "நம்மது பாதி கெடக்கே. இதை முடிச்சிட்டுப் பொறவு போனா என்ன?"

"பொறவுன்னா நான் போகவே மாட்டேன்ட்டி. என்னை ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். மிச்ச விதையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மாரிராஜ் புஞ்சையை முடித்துத் திரும்பியபோது இவர்கள் மண்ணில் கலப்பைக் கொழு இறங்கவில்லை. தையில் ஒரு பாதியில் சோளக்கதிர், மறுபாதியில் வெடிப்பு. வீட்டில் ஐந்து மாதச் சோற்றுக்குத் துண்டு விழுந்தது. சொர்ணத்தாய் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேன் ஏறினாள்.

அங்கே கூட உட்கார்ந்து குச்சி அடுக்கிய சீனித்தாய் கேட்டாள்: "சொந்தப் புஞ்சை வச்சிருக்கவிய இங்கன எதுக்குக்கா வந்தீய?"

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அழுகை வருமென்றுதான் நினைத்திருந்தாள்.

"ஆண்டவர் எங்க வீட்டு அவியளக் கூப்பிட்டாரு. அவிய எந்திரிச்சுப் போயிட்டாவ. மிச்ச வழி நடக்கது நாந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சிச் சட்டத்தை மடிக்கு இழுத்தாள்.