சித்தியின் மருந்து வண்டி

பட்டறையில் சித்தியை ‘ஸ்பேனர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டு நின்றாலும் இடது கையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். ஆஸ்பத்திரி சாமான்கள் செய்கிற பட்டறை அது. நோயாளிக்குத் துணையாக வந்தவர் பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் மடங்கி விரிகிற நாற்காலி, மடிக்கு மேலே ஏறி இறங்கும் மேஜை, டிராயர்களை இஷ்டம்போல் கழற்றி மாட்டிக்கொள்ளும் மருந்து வண்டி. வண்டியின் உடம்பெங்கும் வரிசையாகத் துளைகள். எதையும் எங்கேயும் திருகிக்கொள்ளலாம்.

பல வருடம் சித்தி அங்கே பேக்கிங் மேஜையில் இருந்தாள். மற்றவர்கள் செய்ததற்கு அட்டை சுற்றி டேப் ஒட்டும் வேலை. ஒட்டியது எந்த வார்டில் போய் நின்றது, யாருக்கு உதவியது, ஒன்றும் தெரியாது. நச்சரித்து நச்சரித்துத்தான் ஒரு மருந்து வண்டியைத் தானே பாகம் பாகமாக மாட்டி, தானே கொண்டுபோய் நிறுத்தும் வேலையை வாங்கினாள்.

“திரும்பி வந்துச்சுன்னா மறுபடியும் டேப் ஒட்டத்தான் போகணும். சம்மதமா?” என்றார் முதலாளி.

“வராது சார்.”

வந்துவிடும் போலிருந்தது. வண்டி போய் நின்ற குழந்தைகள் வார்டிலிருந்து அழைப்பு வந்து சித்தி போனபோது, பெரிய சிஸ்டர் வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“குறை சொல்லணும்னு சொல்லலம்மா. லட்சணமாத்தான் இருக்கு. ஆனா கைக்கு ஒத்து வரல.”

“எங்க சிஸ்டர் இடிக்குது?”

“அது தெரிஞ்சா உங்கள ஏன் கூப்பிடறேன்?”

“எனக்கு முழங்கை இடிக்குதுக்கா,” என்றாள் இளைய நர்ஸ். “எதை எடுக்கப் போனாலும் மாமியார் மாதிரி குறுக்க வந்து நிக்குது.”

“கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மாமியாரா?” என்று அவளை அடக்கிவிட்டு, பெரிய சிஸ்டர் சித்தியிடம் திரும்பினாள். “சாயங்காலம் வரைக்கும் பாருங்க. சரியாகலன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குப் பழைய வண்டியே போதும்.”

சித்தி சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்தாள். தூங்கும் குழந்தைக்குக் கேட்காத சத்தம். டிராயர்கள் தொட்டதும் நழுவின. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாள். கையுறை வந்தது, பஞ்சு வந்தது, குத்தி முடித்த ஊசியைப் போடும் டப்பா வந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லை. குறை தெரிந்தால் திருத்தலாம். எல்லாம் சரியாக இருப்பதை என்ன செய்வது? ஜன்னல் வெயில் ஒவ்வொரு கட்டிலாக ஏறி இறங்கிக் கடைசிக் கட்டிலுக்குப் போய்விட்டது. டேப்பின் பசை நாற்றம் இப்போதே விரல்களில் ஏறியது போலிருந்தது அவளுக்கு.

அவளை வீட்டுக்கு அழைத்துப் போக சித்தப்பா ஸ்கூட்டரில் வந்தார். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், இளைய நர்ஸ் வண்டியோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னங்க இது, மானத்த வாங்கறீங்க?”

“இல்லடி, அந்தப் பொண்ணப் பாரேன். கல்யாணமான புதுசுல நம்ம அடுப்படியில நான் நின்ன மாதிரியே நிக்குது!”

சித்தி பார்த்தாள். நர்ஸின் வலது கையில் ஊசி. டப்பா இடது பக்கம். உடம்பை முறுக்கி, டிராயரைச் சுற்றிக்கொண்டு அந்தக் கை போய்ச் சேர்ந்தது. வீட்டில் கரண்டியும் உப்பும் தண்ணீர்க் குடமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஐயோ, எல்லாத்தையும் என் இடது கைக்கு வச்சுத் தொலைச்சிருக்கேன்!”

“நான் வாங்காத இடியா? தழும்பே இருக்கு சிஸ்டர், காட்டட்டுமா?” என்றார் சித்தப்பா.

“நீங்க சும்மா இருங்க. இந்தத் திருகெல்லாம் பிடிங்க.”

அவள் தரையில் மண்டியிட்டாள். கையுறைப் பெட்டி, ஊசி டப்பா, டிராயர்களின் தாழ்ப்பாள், எல்லாம் கழன்று பக்கம் மாறின. சித்தப்பா திருகுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பிரசாதம் வாங்கியவர் மாதிரி நின்றார். அடுத்த மருந்து வேளைக்குள் வண்டி தயார்.

இளைய நர்ஸ் வந்தாள். அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பயலிடம், “பூனை எப்படிக் கத்தும்?” என்று கேட்டபடியே கை நீட்டினாள். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டியதெல்லாம் கைக்கு வந்தது. பயல் மியாவ் என்று கத்தி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

பெரிய சிஸ்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். “இருக்கட்டும். பக்கத்து வார்டுக்கும் ஒண்ணு கேக்கறேன். அதையாவது முதல்லயே நேரா மாட்டிக் கொண்டாங்க.”

இரண்டாவது வண்டியை வலது கைக்கென்றே மாட்டி முடித்ததும் சித்தி உஷாராகிவிட்டாள். சித்தப்பாவைப் பட்டறைக்கு வரவழைத்து, கண்ணைக் கட்டி வண்டிமுன் நிறுத்தினாள்.

“கையுறை எடுங்க.”

அவர் கை இடது பக்கம் போய் வெறும் காற்றைத் துழாவியது.

“ஊசி டப்பா?”

மறுபடியும் இடது பக்கம்.

“உங்கள வச்சு ஒண்ணும் பாக்க முடியாது, என்கூட இருந்து கெட்டுப் போயிட்டீங்க,” என்று கட்டை அவிழ்த்துவிட்டு, சித்தி அந்தப் பக்கம் வலது கையால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.