குடையின் மறுமுனை

ஜொகூர் பாருவில் ஒரு கண் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. கசங்கிய நீலச் சட்டை, பல நாள் தாடி. மடக்கிய குடையின் ஒரு முனையை அவர் பிடித்து நடக்க, மறுமுனையைப் பிடித்தபடி கறுப்புக் கண்ணாடி போட்ட மனைவி பின்னால் வந்தார். மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து, பார்வையும் மங்கிவிட்டதாம். தொட்டாலே துடித்த நாட்களில் தொடங்கிய பழக்கம் அந்தக் குடை.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

“அவங்களுக்கு இன்னும் வலிக்குதாங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“இல்ல லா. தோல் நல்லா வந்திருச்சு. கையப் பிடிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன் குடை?”

தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அரிக்குதுன்னு அவ சொன்னப்ப, உடம்புச் சூடுன்னு நெனச்சு பார்லித் தண்ணி காய்ச்சிக் குடுத்தேன். அந்தத் தண்ணியிலேயே அந்த மாத்திரையையும் நிறுத்தாம மூணு நாளு குடுத்தேன். இந்தக் கையாலதான்.”

அவர்களுடைய எண்ணை அழைத்தார்கள். மனைவி எழுந்து அவர் பக்கமாக வெறுங்கையை நீட்டினார். அவர் அதில் குடையின் பிடியை வைத்தார்.

அந்த விரல்கள் அதை உடனே பற்றிக்கொள்ளவில்லை.