அப்பாவுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய அப்பா மீது மூலிகை எண்ணெய் வாசம் அடித்தது.

குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருப்பார். ஆனாலும் முப்பது வருஷத்து எண்ணெய் அவர் தோலுக்குள்ளேயே போயிருந்தது... நான் முதலில் கவனித்தது அந்த வாசத்தைத்தான். அவர் முகத்தை இல்லை.

அப்பா குற்றாலத்தில் மசாஜ் செய்பவர். சாரல் சீசனில் அருவிக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, கை கால் பிடித்துவிட்டுக் குளிக்க அனுப்புவார். மேலகரத்தில் எங்கள் வீடு. அந்த எண்ணெயில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

மெட்ராஸ்காரர்கள் அவரிடம் தோளைக் கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஒருத்தர் மியூசியத்தில் இருக்கும் திமிங்கல எலும்பைப் பற்றிச் சொல்வார். இன்னொருத்தர், புதிதாக வந்திருக்கும் மெட்ரோ ரயிலுக்குள் எப்படிக் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்வார். கேட்டுக் கேட்டே அப்பா மனசுக்குள் ஒரு சென்னையைக் கட்டி வைத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், சீசன் முடிந்ததும் கிளம்பி வந்துவிட்டார்.

"கலங்கரை விளக்கத்து உச்சியில நின்னா ஊரு மொத்தமும் தெரியுமாம்லா. மத்தது எப்படியோ... அத மட்டும் காட்டிருய்யா."

ஆனால் ஆபீஸில் நான் வேறொரு அப்பாவை வைத்திருந்தேன்.

சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவராகக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தன் அப்பா பேங்க் மேனேஜர். இன்னொருத்தி அப்பா டாக்டர். என் முறை வந்தபோது, "விவசாயம்தான்... தென்னந்தோப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் ரூமில் அப்பா தலை சீவிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, வெளிய யாராச்சும் கேட்டா தோப்பு இருக்குன்னு சொல்லுங்க."

"எந்தத் தோப்புய்யா?"

"சும்மா சொல்லுங்கப்பா."

சீப்பு ஒரு நிமிஷம் தலையிலேயே நின்றது. பிறகு, "சரிய்யா" என்றார்.

மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "முதுகெலும்ப பாத்தியா... ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு பெரிசு" என்று வியந்தார். மெட்ரோவில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சுரங்கப் பாதை, வெளியே இருட்டாகத்தான் இருந்தது, ஆனாலும் கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். "குத்தாலம் பக்கம்" என்றவர், அடுத்த வார்த்தைக்கு முன் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் மெரினா. கலங்கரை விளக்கம் எதிரிலேயே நின்றது. நாங்கள் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் விவேக்கும் அவர் மனைவியும் எதிரே வந்தார்கள். விவேக் அப்போது என் டீம் லீட்.

என்னிடம் கை கொடுத்தவர், அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"சார், நீங்க குற்றாலத்துல மசாஜ் பண்ணுவீங்கல்ல? போன சீசன்ல ஐந்தருவிகிட்ட எனக்கு நீங்கதான் பண்ணீங்க. என்னை ஞாபகம் இருக்கா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்ல தம்பி. உங்களுக்கு ஆள் மாறிட்டு. நமக்குத் தோப்பு வேலைதான்."

"எங்கப்பா" என்றேன் நான். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

"ஐயோ, சாரி அங்கிள்" என்று விவேக் பலமுறை சொல்லிவிட்டுப் போனார்.

கலங்கரை விளக்கத்து வாசலில் வரிசை நின்றது. அப்பா அங்கே வரவில்லை.

"போதும்யா. ஸ்டேஷனுக்குப் போயிருவோம்."

"ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கேப்பா. மேல ஏறிப் பாக்க வேண்டாமா?"

"கூட்டமா இருக்கு. ஒனக்குத் தெரிஞ்சவங்க இன்னும் யாராச்சும் வருவாவ."

நான் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். கையைப் பிடித்து மேலே கூட்டிப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது... மற்ற எல்லாவற்றையும்விட அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தலை குனிகிறது.

பிளாட்பாரத்து பெஞ்சில் ரயிலுக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனவர், "என் மவன் ஒண்ணு விடாம காட்டிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது சென்னையில் எனக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். மூட்டு வலி என்பார், இல்லையென்றால் "எல்லாந்தான் பாத்தாச்சுல்லா" என்பார். அன்றைக்கு வர ஆசைப்பட்டவருக்குக் காட்ட எனக்கு மனசு இல்லை. இன்றைக்கு மனசு இருக்கிறது, அவருக்கு ஆசை இல்லை.

போன வாரம் போனில் துணிந்து கேட்டுவிட்டேன்.

"அப்பா... அன்னைக்கு பீச்சுல ஒருத்தர் வந்தாரே. அவர உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?"

"தெரியாம என்னய்யா? எடது தோள்ல பிடிப்போட வந்தாரு. மூணு நாளு தொடர்ந்து வாங்க, எடுத்து விட்டுருதேன்னு சொன்னேன். ரெண்டு நாளுதான் வந்தாரு. அந்தத் தம்பிக்கு அது சரியாயிட்டா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

விவேக், நீங்களும் என் முகநூல் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள். அன்றைக்கு உங்களுக்கு ஆள் மாறவில்லை. அவர்தான் என் அப்பா.

தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.