குடை பிடித்து மரம் பார்ப்பவர்

"ஜன்னல்கிட்ட உட்காருங்க. தினம் எப்படி உட்காருவீங்களோ அப்படி" என்று மரம் கேட்டவரிடம் சொல்லிவிட்டு, மரக்காரம்மா வாசலில் இறங்கிக் கறுப்புக் குடையை விரிக்கிறார். அதை ஒரு கழியின் நுனியில் கட்டி உயர்த்திப் பிடிக்கிறார். "இதுதான் மரம். வெளிச்சம் போச்சா, இருக்கா?"

நாற்றுப்பண்ணையில் வேலை. மரம் விற்பது பண்ணையின் தொழில்; எது வேண்டாம் என்று சொல்வது இவருடைய தொழில். முதலாளிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

குடையை விரித்தால் படரும் மரம். பாதி மூடினால் கூம்பு. முழுதும் மூடினால் தூண். பெருங்காற்றில் மேல்நோக்கி மடங்குவதுபோல் மடக்கிவிட்டால், அடி ஒடுங்கி மேலே விரியும் கிண்ணம். இந்தக் கிண்ணத்தால் இரண்டு கம்பிகள் வளைந்துவிட்டன.

தீப்பெட்டி போன்ற வீட்டுக்குப் படரும் மரம் கேட்ட புதுமணத் தம்பதியிடம், "பத்து வருஷத்துல அது ஜன்னல்ல கைய விட்டு உப்பு இருக்கான்னு கேக்கும், பரவால்லையா?" என்றார். பூவுக்காக மரம் தேடுபவர்களிடம், "பூ பத்து நாள் விருந்தாளி. உருவம்தான் வீட்டு மனுஷன்." தூண் மரத்தைத் தனியாக நட விடமாட்டார். "கோவிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். மூணா வைங்க, பேசிக்கிட்டு நிக்கும்."

இத்தனை பேருக்கு வழிசொன்னவரின் வாசலில் பன்னிரண்டு வருடமாகப் புல்கூட உருப்படியாக இல்லை. காலையில் கூம்பு என்பார். மாலையில் தூண் என்பார்.

"ஒண்ணு தெரிஞ்சவங்க அதையே வெச்சிடறாங்க. எனக்கு எல்லாம் தெரியுதே, என்ன பண்ண?"

கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் மடங்காததால் பகல் முழுவதும் ஜன்னலோர நாற்காலிதான். அங்கிருந்து தெரிவது எதிர்வீட்டு மொட்டைச் சுவர். அந்தச் சுவர் என்னுடையது. ஆகவே அதன் அழகைப் பற்றி நான் பேசுவதற்கில்லை. போன வாரம் அவர் பொறுமை தீர்ந்துவிட்டது.

"திங்கக்கெழமை கொத்தனார் வர்றார். அதுக்குள்ள மரம் எதுன்னு சொல்லு. இல்லேன்னா வாசல் முழுக்க சிமென்ட்டு. எனக்கும் சுவர் பழகிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மாலை மரக்காரம்மா தன் வாசலிலேயே கழியோடு இறங்கினார். படரும் மரத்தைக் காட்டினார்.

"இருட்டு" என்றார் ஜன்னல்காரர்.

கூம்பு. "பாதி சுவர் தெரியுது."

தூண். "கண்டக்டர் நிக்கற மாதிரி இருக்கு."

குடையை மேல்நோக்கி மடக்கினார். மூன்றாவது கம்பியும் வளைந்தது. பிறகு, முப்பது வருடம் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லிக் கேட்ட சொற்களை ஜன்னல்காரர் முதல்முறையாகத் தானே சொல்லத் தொடங்கினார்.

"வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்..."

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"நனையறியே, குடைய சரியாப் புடி."

"மரத்த யாராச்சும் திருப்பிப் புடிப்பாங்களா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

"ஹோல்டான். அங்கதான்."

கிண்ணம் நிறைந்து தண்ணீர் தோளில் வழிந்தது. மரக்காரம்மா கழியை அசைக்கவில்லை. ஒரு காலை மட்டும் தூக்கி, நின்ற இடத்து ஈரமண்ணில் குதிகாலை அழுத்தமாகப் பதித்தார்.